வேலை இல்லை என்று வந்த மடலுக்குப் பதில் எழுதலாமா?

கேள்வி: எம்.காம். முடித்து, ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கோயம்புத்தூரிலுள்ள ஒரு தனியார் நிறுவனத்தில் மூத்த கணக்கர் பணிக்கு விண்ணப்பித்து, கடைசிச் சுற்று நேர்காணல் வரை சென்றேன். ஜிஎஸ்டி கணக்குகளை அவர்கள் சரிபார்க்கும் முறையைப் பற்றி நிதி மேலாளர் வெகுநேரம் பேசினார். எதிர்பார்க்கும் சம்பளத்தையும் கேட்டார். ஆனால், ‘தங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலவில்லை’ என்று மனிதவளப் பிரிவிலிருந்து நேற்று இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்திருக்கிறது. இதற்குப் பதில் எழுதினால் கெஞ்சுவது போலாகும் என்கிறார் என் கணவர். காரணத்தைக் கேட்டே தீர வேண்டும் என்கிறாள் தோழி. நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு.

பதில்: சம்பளம் வரை பேசிவிட்டு இல்லையென்று சொல்லும்போது மனம் சோர்ந்து போவது இயல்புதான், சகோதரி. ஆனாலும் பதில் எழுதுங்கள், நாளைக்குள் எழுதிவிடுங்கள்.

தேர்வானவர் வந்து வேலையில் சேரும் வரை அந்த இடம் நிரம்பிவிட்டதாக எந்த மனிதவள அலுவலரும் நிம்மதியாக இருப்பதில்லை. நம் நாட்டுத் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் நோட்டீஸ் காலம் (விலகுவதாகச் சொன்ன பிறகும் வேலையில் இருக்க வேண்டிய காலம்) 30 நாள் முதல் 90 நாள் வரை இருப்பதால், அந்த இடைவெளியில் பழைய நிறுவனமே சம்பளத்தை உயர்த்தி அவரைத் தக்கவைத்துக்கொள்வதும், அவர் வேறிடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்துப் போய்விடுவதும் அடிக்கடி நடக்கின்றன. அப்படி நேரும்போது புதிதாக விளம்பரம் கொடுப்பதைவிட, கடைசிச் சுற்று வரை வந்தவர்களில் ஒருவரை அழைப்பதே நிறுவனத்துக்கு எளிது. அந்த நேரத்தில் உங்கள் பெயர் நல்லவிதமாக நினைவுக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ‘முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள்’, ‘குறைந்த சம்பளத்துக்கும் வரத் தயார்’, ‘குடும்பச் சூழ்நிலை சரியில்லை’ என்றெல்லாம் எழுதினால்தான் அது கெஞ்சலாகும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் மடலில் இடம்பெற வேண்டாம். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினாலும் பொருள் ஏறத்தாழ இப்படி அமையட்டும்:

‘மதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் முடிவைத் தெரிவித்தமைக்கு நன்றி. இந்த வாய்ப்பு கிடைக்காததில் எனக்கு வருத்தமே என்றாலும், ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு கொள்முதல் பதிவேட்டை ஒப்பிடும் முறை குறித்து நிதி மேலாளர் விளக்கியது எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. அவருக்கும் என் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். இத்தகைய பணிக்கு நான் எந்தத் திறனை மேலும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று தாங்கள் கருதினால், நேரம் வாய்க்கும்போது ஒரு வரி எழுதினால் மகிழ்வேன். வருங்காலத்தில் பொருத்தமான பணியிடம் ஏற்பட்டால் என்னையும் கருத்தில் கொள்ளுங்கள்.’

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். நேர்காணலில் பேசிய ஒரு விஷயத்தை, இங்கே ஜிஎஸ்டி கணக்குச் சரிபார்ப்பை, குறிப்பிடும் வரி மிகவும் முக்கியமானது; அது இல்லாவிட்டால் எல்லோருக்கும் அனுப்பும் பொதுவான நன்றி மடலாகிவிடும்.

உங்கள் தோழி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. காரணத்தை அறிய விரும்புவது தவறில்லை. கேட்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். ‘என்னை ஏன் எடுக்கவில்லை?’ என்று கேட்டால், படிப்பவர் தம் முடிவுக்கு நியாயம் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். வழக்கு, புகார் என்று வளர்ந்துவிடுமோ என்று அஞ்சி வாய் திறக்க மாட்டார். ‘எதை வளர்த்துக்கொள்ள வேண்டும்?’ என்று கேட்டாலோ, டேலி என்ற கணக்கு மென்பொருளில் உங்களுக்கு நல்ல பழக்கம் இருக்கிறது, ஆனால் எங்களுக்கு எஸ்ஏபி மென்பொருள் தெரிந்தவர் தேவைப்பட்டார் என்பது போன்ற உருப்படியான பதில் கிடைக்க வாய்ப்புண்டு. அப்படி ஒரு பதில் வந்தால், உடன்பாடு இல்லாவிட்டாலும் வாதாடாமல் நன்றி மட்டும் சொல்லுங்கள். பதிலே வராவிட்டால் நினைவூட்டல் அனுப்ப வேண்டாம்.

அரசுத் தேர்வாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்கீழ் உங்கள் மதிப்பெண் விவரத்தைக் கேட்டு மனுச் செய்யலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தனியார் நிறுவனத்திடம் அந்தச் சட்டத்தின்கீழ் நேரடியாக மனுச் செய்ய முடியாது.

மடலை மனிதவளப் பிரிவில் உங்களோடு தொடர்பில் இருந்தவரின் முகவரிக்கு அனுப்புங்கள். மறுப்பு வந்த முகவரி தானியங்கி முகவரியாக இருந்தால் அதற்கு அனுப்பும் பதிலை யாரும் படிக்க மாட்டார்கள். நிதி மேலாளரின் கைப்பேசிக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்புவதைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, வீட்டில் இருக்கும்போது அனுப்புங்கள். இப்போதைய அலுவலகத்தின் கணினியையோ மின்னஞ்சலையோ இதற்குப் பயன்படுத்தவே கூடாது.