இஸ்லின் முகவரி, ஆனால் நகராட்சி எது?

"இஸ்லினில் வீடு பேசியாச்சு, இஸ்லின் நகராட்சி அலுவலகம் எங்கே? பையனுக்கு ஜே.பி. ஸ்டீவன்ஸ் உயர்நிலைப் பள்ளி கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீங்க. அப்படியொரு நகராட்சியே இல்லைங்க. நியூஜெர்சியின் இஸ்லின், வுட்பிரிட்ஜ் டவுன்ஷிப்புக்குள் (நகராட்சி மாதிரியான உள்ளாட்சி) அடங்கிய பகுதி. 2010 கணக்கெடுப்பில் 18,695 பேர். சொத்து வரி, கட்டட அனுமதி, பள்ளி எல்லாமே வுட்பிரிட்ஜ்தான்.

ஜே.பி. ஸ்டீவன்ஸ் பக்கத்து டவுன்ஷிப்பான எடிசனுடையது. குழப்பம் இரண்டு டவுன்ஷிப்பிலும் ஓடும் ஓக் ட்ரீ ரோட்டால் வருது. மேற்கே நடந்தால் சேலைக்கடை, மளிகைக்கடை வரிசை அறுபடாது, நடுவில் டவுன்ஷிப் மட்டும் மாறிடும்.

08830 என்ற தபால் எண்ணை நம்பாதீங்க, அது தபால்காரர் வசதிக்கு. மென்லோ பார்க் டெரஸும் வுட்பிரிட்ஜ்தான், தபால் முகவரியோ வேறொரு ஊரான மெட்டச்சன்! முன்பணம் கொடுக்குமுன் வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீது கேட்டு, எந்த டவுன்ஷிப் என்று பாருங்க. பிறகு கதவு எண்ணைச் சொல்லி, எந்தப் பள்ளி என்று வுட்பிரிட்ஜ் பள்ளி அலுவலகத்திலேயே கேட்டுடுங்க.