பிதுக்கம்பருப்பு பரிமாறிய இரவு

வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீட்டுக்கு அருகில் இருக்கும் சிறிய, விலை கூடிய உணவகங்களைப் பற்றியே இருந்ததால், பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பெற்றோரின் 40-வது திருமண நாளை, இரண்டு தெரு தள்ளிப் பழைய வீடொன்றில் நடக்கும் சிறிய உணவகத்தில் இரவு உணவுடன் கொண்டாட நினைக்கிறோம். ஒருவருக்கு 2,500 ரூபாய்க்கு மேல் ஆகும். தர்ஷினியில் நின்றபடியே காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பழகிய அப்பா, "ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவா?" என்று மறுக்கிறார். அவர் சொல்வதுதான் சரியா? அப்படிப்பட்ட ஓர் உணவு உங்கள் நினைவில் நின்றிருக்கிறதா?
– ஒரு வாசகி, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

பதில்: உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. பசிக்குச் சாப்பிடுவதற்குத் தர்ஷினியை விஞ்சிய இடம் இந்த ஊரில் இல்லை. 1980-களில் இங்கே தோன்றிய அந்த முறையில் நாற்காலி கிடையாது, பரிமாறுபவர் கிடையாது. ஒருவர் பத்து நிமிடத்தில் உண்டுவிட்டு நகர, அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்துவிடுகிறார். இட்லி அந்த விலைக்குக் கிடைப்பது அதனால்தான். நீங்கள் குறிப்பிடும் உணவகமோ ஒரு மேசையை ஓர் இரவில் ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறைதான் விற்க முடியும். வாடகை, சம்பளம், வீணாகும் காய்கறி எல்லாம் அந்தச் சில மேசைகளின் மீதே ஏறுகின்றன. இந்தத் தொழிலில், நாம் கொடுக்கும் தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உணவுப் பொருளுக்கு என்று கணக்கு வைப்பார்கள். மீதி, இடத்துக்கும் ஆட்களின் உழைப்புக்கும் நேரத்துக்கும்.

நினைவில் நிற்குமா என்று கேட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஜனவரி மாதக் குளிரில், என் அம்மாவை கூக் டவுனில் அப்படி ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். முக்கோண மர முகப்பு வைத்த சன்னல்கள், சிவப்புச் சாந்துத் தரை, கூடத்தில் நான்கைந்து மேசைகள், திண்ணையில் இரண்டு. விளக்கு மங்கலாக இருந்தாலும், தட்டில் இருப்பது என்னவென்று தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்த சமயம் என்பதால் அதுதான் எனக்கு முதல் நிம்மதி. இசை ஒலித்துக்கொண்டிருந்தும், அம்மா பேசியதைக் கேட்க நான் குனிய வேண்டியிருக்கவில்லை.

அம்மா ஓசூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். விலைப்பட்டியலைக் கையில் வாங்கியதும் வலப்பக்கத்து எண்களை மட்டும் படித்துவிட்டு, "எனக்கு மோர் போதும்" என்று மூடிவிட்டார். நல்லவேளையாக அன்று, அந்தப் பருவத்துக் காய்களைக் கொண்டு அவர்களே அமைத்த ஐந்து சுற்று உணவும் இருந்தது. தேர்ந்தெடுக்கும் சுமை எங்களுக்கு இல்லாமல் போயிற்று. முதலில் தேவனஹள்ளிப் பம்ப்ளிமாஸ் சுளைகளை வெல்லமும் மிளகாயும் தூவித் தந்தார்கள். அது நன்றாக இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது சுற்றில் ஓர் ஆழமான கிண்ணம் வந்தது. தேங்காய்ப்பாலில் சதகுப்பைக் கீரையுடன் வெந்த வெளிறிய பச்சைப் பருப்பு, பக்கத்தில் உள்ளங்கை அளவு அரிசி ரொட்டி. கொண்டுவந்தவர் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்குமுன்னரே அம்மா, "இது பிதுக்கம்பருப்பு" என்றார். பச்சை மொச்சையை உரித்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு மொச்சையாக விரலால் அழுத்தித் தோலை நீக்கி எடுக்கும் பருப்புக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கன்னடத்தில் ஹிதகிதபேளே என்பார்கள். பனி பட்ட காயில்தான் அந்த மணம் இருக்கும். சொகடு என்று கன்னடத்தில் அதற்குத் தனிச் சொல்லே உண்டு. கூடை நிறைய வாங்கிய காய், உரித்துப் பிதுக்கி முடிப்பதற்குள் பாத்திரத்தின் அடியில் ஒடுங்கிவிடும்.

அம்மா ஒரு வாய் உண்டுவிட்டு, "இதை யார் பிதுக்கினார்கள்?" என்று கேட்டார். பரிமாறியவர் உள்ளே போய்ச் சமையற்கலைஞரையே அழைத்து வந்தார். முப்பது வயதைத் தாண்டாத பெண். மதியம் இரண்டு மணியிலிருந்து தானும் இன்னும் இருவரும் உட்கார்ந்து பிதுக்கியதாகக் கன்னடத்தில் சொல்லி, நகக்கண்ணில் படிந்திருந்த கறையைக் காட்டினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். மார்கழி இரவுகளில் பாட்டியும் அத்தைகளும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து பிதுக்கிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. ஐம்பது ஆண்டுகளாக அம்மாவின் மகளாக இருந்தும் எனக்குத் தெரியாத பெயர்கள் அந்தக் கதையில் இருந்தன. அடுத்த சுற்றை அவர்கள் கால்மணி நேரம் தாமதமாகவே கொண்டுவந்தார்கள். எங்கள் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது.

வீடு திரும்பும்போது அம்மா தொகையைக் கேட்டார், சொன்னேன். "மூன்று பேர் அரை நாள் பிதுக்கியிருக்கிறார்கள்" என்றார். அதிகம் என்று சொல்லவில்லை. ஆகவே, சகோதரி, உங்கள் அப்பாவிடம் விலையைப் பற்றி வாதாட வேண்டாம். அவர் இளமையில் உண்ட ஏதேனும் ஒரு பொருள் அந்த உணவகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். புதுமைகளை மட்டும் அடுக்கும் இடம் உங்களுக்குப் பிடிக்கலாம்; உங்கள் பெற்றோரின் திருமண நாளுக்கு அது ஏற்றதல்ல என்பதே என் கருத்து.

கேள்வி: என் மாமியார் வெங்காயம், பூண்டு சேர்க்காதவர். இப்படிப்பட்ட இடங்களுக்கு அவரை அழைத்துச் செல்ல முடியுமா?
– ஒரு வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: முடியும். ஆனால் மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் பயனில்லை. சிறிய சமையலறையில் குழம்பின் அடிச்சாறு, அரைத்த விழுது, தாளிப்பு எண்ணெய் எல்லாம் மதியமே தயாராகிவிடும். அவற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட பூண்டை இரவு எட்டு மணிக்கு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. மேசைக்குப் பதிவு செய்யும்போதே தொலைபேசியில் சொல்லிவிட்டு, முந்தைய நாள் மீண்டும் ஒருமுறை நினைவூட்டுங்கள். தயக்கமின்றி ஏற்கிறார்களா, "பார்க்கலாம்" என்று இழுக்கிறார்களா என்பதிலிருந்தே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும். ஒவ்வாமை உள்ளவர்களும் இதையே செய்ய வேண்டும். அவர்களுக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி.

கேள்வி: ஏழு மணிக்கு மேசை பதிவு செய்து போனோம். ஒன்பது மணிக்கு எழுந்துவிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இது விருந்தினரை அவமதிப்பது ஆகாதா?
– ஒரு வாசகர், இந்திரா நகர்

பதில்: முன்பே சொல்லியிருந்தால் அவமதிப்பு ஆகாது. முப்பது இருக்கைகூட இல்லாத இடம், ஓர் இரவில் இரண்டு பந்தி நடத்தினால்தான் பிழைக்கும். முன்பே சொல்லாமல், பாயசத்தை வைக்கும்போதே கட்டணச் சீட்டையும் வைத்துவிட்டு அருகில் நிற்பதுதான் தவறு. எனக்கே அது நேர்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு நான் மறுபடி போகவில்லை. சாவகாசமாகப் பேச விரும்பினால் இரண்டாவது பந்தியைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பவர்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பத்து மேசையில் இரண்டு காலியாகக் கிடந்தால் அன்றைய உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு வீண். வர இயலவில்லை என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

கேள்வி: கட்டணச் சீட்டில் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
– ஒரு வாசகர், ஃபிரேசர் டவுன்

பதில்: வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சீட்டில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த நெறிகளை உறுதி செய்தது. நீக்கும்படி கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். சரக்கு மற்றும் சேவை வரி வேறு. அது அரசுக்குரியது, தனி உணவகங்களில் பொதுவாக 5 சதவீதம், கட்டியே ஆக வேண்டும். சட்டம் இப்படி இருந்தாலும், மனம் நிறைந்த இரவென்றால் பரிமாறியவர் கையில் நேரடியாக ஏதேனும் கொடுத்துவிட்டு வருவதுதான் என் வழக்கம்.

கேள்வி: அத்தகைய இடத்தில் கையால் சாப்பிட்டால் தவறாக நினைப்பார்களா?
– ஒரு வாசகி, அல்சூர்

பதில்: நினைக்கமாட்டார்கள், நினைத்தாலும் நீங்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை. அன்று அம்மா முள்கரண்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அரிசி ரொட்டியைக் கையால் பிட்டுப் பருப்பில் தோய்த்து உண்டார். கிண்ணம் காலியானதும், நாங்கள் கேட்காமலே, விரல் நனைக்க வெதுவெதுப்பான நீரும் ஒரு துண்டும் வந்தன.