வாசகர் கேள்வி: கம்மலைக் கழற்றினால்தான் ஞானஸ்நானமா?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். என் தாயார் பென்னாகரம் அருகே ஒரு கிராமத்தில் புளி தட்டும் கூலி வேலை செய்கிறவர். இரண்டு ஆண்டுகளாக ஒரு சபையின் ஆராதனைக்குச் சென்று, இயேசு கிறிஸ்துவை விசுவாசித்து, ஞானஸ்நானம் பெற விரும்புகிறார். ஆனால் கம்மலையும் மூக்குத்தியையும் கழற்றினால்தான் தண்ணீரில் இறங்கலாம் என்று சபையில் சொல்லிவிட்டார்கள். காரணம் கேட்டால், “1 பேதுரு 3:3-ஐ வாசியுங்கள், மூப்பர்கள் காலத்திலிருந்தே இப்படித்தான்” என்கிறார்கள். இது வேதத்தின் கட்டளையா, சபையின் வழக்கமா?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் தாயாருக்குச் சொல்லப்பட்ட பதிலிலேயே இரண்டு அதிகாரங்கள் சேர்ந்து நிற்கின்றன. ஒன்று பேதுருவின் வசனம், மற்றொன்று மூப்பர்களின் வழக்கம். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தக் கூடாது. வசனத்தை முதலில் பார்ப்போம்.

பேதுரு அந்த இடத்தில் மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்: மயிரைப் பின்னுதல், பொன்னாபரணங்களை அணிதல், வஸ்திரம் உடுத்துதல். நம் தமிழ் வேதாகமத்தில் “உயர்ந்த வஸ்திரங்களை” என்று வாசிக்கிறோம். மூலமாகிய கிரேக்கத்தில் “உயர்ந்த” என்ற சொல் இல்லை. மொழிபெயர்ப்பாளர்கள் பொருள் விளங்கும்படி அதைச் சேர்த்தார்கள், அது சரியே, ஏனெனில் உடை உடுத்துவதையே அப்போஸ்தலன் தடை செய்திருக்க முடியாது. அப்படியானால் நடுவிலுள்ள பொன்னை மட்டும் முழுத் தடையாகவும், முன்னும் பின்னும் உள்ளவற்றை அறிவுரையாகவும் வாசிப்பது எந்த நியாயத்தில்? எந்தச் சபையும் ஞானஸ்நானத்திற்கு வரும் பெண்ணிடம் பின்னலை அவிழ்த்துவிட்டு வரும்படி சொல்லுவதில்லை. பேதுரு சொல்லுவது எதை அலங்காரமாக எண்ணி நம்பியிருக்க வேண்டும் என்பதையே. அடுத்த வசனத்தில் “இருதயத்தில் மறைந்திருக்கிற குணமே” அலங்காரம் என்று அவர் முடிப்பதைச் சேர்த்து வாசித்தால் இது விளங்கும்.

வேதத்தின் மற்றப் பகுதிகளும் இதற்கு இசைவாகவே உள்ளன. ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளுக்குப் பொன் அணியும் கடகங்களும் போட்டு, அந்தக் கணமே தலைகுனிந்து கர்த்தரைப் பணிந்துகொண்டான் (ஆதியாகமம் 24:47, 48). திரும்பி வந்த மகனின் கைக்குத் தகப்பன் மோதிரம் போடச் சொன்னதைக் கர்த்தர் தாமே உவமையாக உரைத்தார் (லூக்கா 15:22). பொன்மோதிரம் அணிந்தவன் சபைக்கு வந்தபோது யாக்கோபு தம் நிருபத்தில் கண்டித்தது மோதிரத்தை அல்ல, அவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குத் தரையும் காட்டியவர்களின் பட்சபாதத்தை. இஸ்ரவேலர் ஓரேப் மலையருகே ஆபரணங்களைக் கழற்றியதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது பொற்கன்றுக்குட்டியை வணங்கின பாவத்திற்குப் பின் வந்த துக்கம். பொன் அணிந்த எல்லாரும் அந்தப் பாவத்தைச் செய்தவர்கள் அல்லர்.

இனி ஞானஸ்நானத்திற்கு வருவோம். எத்தியோப்பிய மந்திரி, வழியில் தனக்கு இயேசுவைப் பிரசங்கித்த பிலிப்புவிடம், “இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன” என்று கேட்டான். முழு இருதயத்தோடும் விசுவாசித்தால் தடையில்லை என்ற பிலிப்புவின் பதிலை நம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8:37-ல் வாசிக்கிறோம். மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் காணப்படுவதில்லை என்பதையும், வேதத்திற்கு உண்மையாயிருக்க விரும்புகிற நான் மறைக்கக் கூடாது. அந்த வசனத்தை விட்டு வாசித்தாலும், ரதம் நிறுத்தப்படுகிறது, இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள். ஒரு ராஜஸ்திரீயின் பொக்கிஷத்துக்கே அதிகாரியான அவன் என்ன அணிந்திருந்தான் என்று பிலிப்பு கேட்டதாக ஒரு வரியும் இல்லை. ரோம நூற்றுக்கு அதிபதியாகிய கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு, அந்த நிருபத்தை எழுதிய அதே பேதுரு, “எவனாகிலும் தண்ணீரை விலக்கலாமா” என்று கேட்டார் (அப்போஸ்தலர் 10:47). உங்கள் தாயாரின் சபை மூப்பர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்தக் கேள்விக்குத்தான்.

அந்த மூப்பர்களை நான் இழிவாக எண்ணவில்லை. எளிமையாக வாழ வேண்டும், ஏழைப் பெண் பணக்காரப் பெண்ணின் அருகில் கூச்சமின்றி உட்கார வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடும் இத்தகைய வழக்கங்கள் தொடங்கியிருக்கலாம். ஒருவர் தம் மனச்சாட்சியின்படி நகையை விட்டுவிட்டால் அதைக் கர்த்தருக்கென்று செய்கிறார், அவரை நாம் மதிக்க வேண்டும். ஆனால் வழக்கம் வாசலாக மாறி, கிறிஸ்து அழைத்தவரை வெளியே நிறுத்தும்போது அது மாற்கு 7-ஆம் அதிகாரத்தின் காரியமாகிவிடுகிறது. அங்கே பரிசேயர், தாய் தகப்பனுக்குச் சேரவேண்டிய உதவியைக் “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டால் போதும் என்று போதித்து, தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் ஐந்தாம் கற்பனையையே செயலற்றதாக்கினார்கள். “உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்” என்று கர்த்தர் சொன்னது அதற்காகவே. கூலி வேலை செய்யும் தாயின் சிறு கம்மலைக் கழற்றச் சொல்லுகிற சபை, தன் விசுவாசிகளின் வீட்டுத் திருமணங்களில் சவரன் கணக்கில் சீதனம் பேசப்படும்போது மௌனமாயிருக்குமானால், அந்த மௌனத்தைக் குறித்து எனக்கு மிகுந்த வேதனை உண்டு.

உங்கள் தாயார் சபையோடு சண்டையிட வேண்டாம். நீங்களும் அவருமாகப் போதகரைத் தனியே சந்தித்து, வேதாகமத்தைத் திறந்து வைத்து, அப்போஸ்தலர் 8 மற்றும் 10-ஆம் அதிகாரங்களைச் சேர்ந்து வாசியுங்கள். நேர்மையான போதகர் அதற்காகக் கோபப்படமாட்டார், ஏனெனில் பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்துபார்த்தபோது “நற்குணசாலிகள்” என்று பெயர் பெற்றார்கள். அதற்குப் பிறகும் மறுப்பார்களானால், தாயார் விசுவாசத்தின்பேரில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் வேறொரு சபையை நாடுவது பாவமல்ல.

கேள்வி: பவுல் தாமே 2 தெசலோனிக்கேயர் 2:15-ல் “முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்” என்று சொல்லும்போது, பாரம்பரியத்தைத் தள்ளுவது எப்படிச் சரியாகும்?
– ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: நல்ல கேள்வி. மாற்கு 7-ல் “பாரம்பரியம்” என்றும், இங்கே “முறைமை” என்றும் தமிழில் இருப்பவை கிரேக்கத்தில் ஒரே சொல்தான்: பரதோசிஸ், அதாவது கையளிக்கப்பட்டது. எனவே பாரம்பரியம் என்ற சொல்லே தீயதல்ல. கையளித்தவர் யார் என்பதே கேள்வி. பவுல் சொல்லுவது, அப்போஸ்தலர் தாங்களே வாய்மொழியாகவும் நிருபத்தாலும் உபதேசித்தவற்றை. அந்த வாய்மொழி உபதேசம் திருச்சபையில் தொடர்ந்து வருகிறது என்று கத்தோலிக்க சகோதரர் நம்புகிறார்கள். அது நம்மிடம் எந்த மாற்றமுமின்றி வந்திருப்பதை எழுதப்பட்ட வசனத்தைக் கொண்டுதான் சோதிக்க முடியும் என்பது என் நிலைப்பாடு. 1715-ல் தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்ததன் பயனும் அதுவே: போதகர் சொன்னதைக் கேட்டுப்போகிறவர் வீட்டில் தாமே வாசித்துப் பார்க்கலாம். உங்கள் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் அறிந்தவர்கள் பலர் உண்டே. ஒரே வசனத்தை இரண்டு மொழிகளில் வாசித்துப் பாருங்கள், சொல்லின் பொருள் இன்னும் தெளியும்.

கேள்வி: கிறிஸ்துமஸ் நாடகத்தில் மூன்று ராஜாக்கள் வருவது வேதத்தின்படி சரியா?
– ஞாயிறு பள்ளி ஆசிரியை, அரூர்

பதில்: மத்தேயு 2-ல் அவர்கள் ராஜாக்கள் அல்லர், சாஸ்திரிகள். எத்தனை பேர் என்று சொல்லப்படவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கைதான் மூன்று. அவர்கள் வந்து சேர்ந்ததும் ஒரு வீட்டுக்கு. நாடகத்தில் மூன்று பிள்ளைகள் கிரீடம் வைத்து நடிப்பதை நான் தடுக்கமாட்டேன். தேர்வில் “சாஸ்திரிகள் எத்தனை பேர்?” என்று கேட்டு, “வேதம் சொல்லவில்லை” என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.