பழைய டர்போவைத் தூக்கி எறியாதீர்கள்: டர்போ பழுது குறித்த கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, என் டீசல் காரில் ஒன்றரை ஆண்டுக்குள் மூன்றாவது டர்போ போய்விட்டது. மட்டமான பொருளைத் தலையில் கட்டுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: ஒன்று மட்டம் என்றால் நம்பலாம் தம்பி, மூன்றுமா? நான் எஞ்சினைத்தான் சந்தேகிப்பேன். எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. காரில் அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். சிறிய டர்போக்களில் அது இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. முழு வேகத்தில் சில நொடிகள் எண்ணெய் வராவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

புதிய டர்போ மாட்டியபோது எண்ணெய் வரும் குழாயை மாற்றினார்களா என்று கேளுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் குழாய்க்குள் கரி படிந்து வழி பாதியாகியிருக்கும். வாயால் ஊதிப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்பார்கள். காற்று போகிற வழியில் தேவையான அளவு எண்ணெயும் போகும் என்று சொல்ல முடியாது. சில எஞ்சின்களில் அந்தக் குழாயை இறுக்கும் போல்ட்டுக்குள் சிறு வலைச் சல்லடை ஒன்று ஒளிந்திருக்கும். நான் அதை வெளியே எடுத்துக் காட்டியபோது, "இப்படி ஒன்று இருக்கிறதா?" என்று கேட்ட மெக்கானிக்குகள் உண்டு.

குழாயை மாற்றிய பிறகு, டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயை ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஒரு நிமிடம் ஓட்டி, விழுந்த எண்ணெயை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் அளவைவிடக் குறைந்தால், அடுத்து எஞ்சினடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றி, பம்ப்பின் உறிஞ்சு சல்லடையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: செத்துப்போன டர்போ என்னிடமே இருக்கிறது. அதை வைத்துக் காரணம் சொல்ல முடியுமா?

பதில்: நல்ல வேளை, எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறீர்கள். பிரித்துப் பாருங்கள். தண்டில் நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் போதவில்லை. பேரிங்கில் கோடு கோடாகக் கீறல் இருந்தால் எண்ணெயில் அழுக்கு. காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் இதழ்களில் முன்விளிம்பு எலி கடித்தது போலிருந்தால், ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஏதோ உள்ளே போயிருக்கிறது. புகை சுழற்றும் டர்பைன் பக்கம் மட்டும் அப்படி இருந்தால் இன்னும் மோசம்: எஞ்சினுக்குள் ஏதோ உடைந்து எக்ஸாஸ்ட் வழியாக வந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த டர்போவை மாட்டக் கூடாது. கம்ப்ரசர் சக்கரத்தின் முதுகு ஆரஞ்சுப் பழத்தோல் போல ஆகியிருந்தால் அளவுக்கு மீறிச் சுழன்றிருக்கிறது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கசிவு இருந்தால், இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ கூடுதலாகச் சுழல நேரும்.

ஒருமுறை என்னிடம் வந்த டர்போவில் எண்ணெய் நுழையும் துளைக்குள் அரிசி அளவில் சிவப்பு சிலிகான் பசைத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது. கேஸ்கெட் போட வேண்டிய இடத்தில் யாரோ பசையைத் தாராளமாகப் பிதுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய டர்போவில் தண்டைத் தொட்டால் ஆடுகிறது. திருப்பிக் கொடுத்துவிடவா?

பதில்: பக்கவாட்டில் லேசாக ஆடினால் கவலை வேண்டாம். எண்ணெய் வந்து நிரம்ப விட்ட இடைவெளிதான் அது. முன்னும் பின்னுமாக இழுத்துத் தள்ளும்போது அசைவு கைக்குத் தெரிந்தாலோ, பக்கவாட்டில் அழுத்தினால் இதழ் உறையில் உரசினாலோ திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: தண்டில் குறை இல்லை என்கிறார்கள் ஐயா. ஆனாலும் நீலப் புகை வருகிறது.

பதில்: டர்போவின் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். இருபுறமும் அழுத்தம் சரியாக இருந்தால்தான் அது எண்ணெயைத் தடுத்து நிறுத்தும். திரும்பும் குழாய் அடைத்தாலோ, எஞ்சினுக்குள் சேரும் வாயு வெளியேறும் பிரீதர் அடைத்தாலோ எண்ணெய்க்குப் போக்கிடமில்லாமல் சீல் வழியே வெளியேறும். டீசல் வண்டி என்றால் புகை வடிகட்டியும் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். புகைக்கு டர்போ காரணமாக இல்லாமலும் இருக்கலாம். வால்வு சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுக் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் அது இயல்புதான்.

கேள்வி: எஞ்சினை அணைக்கும் முன் ஐடிலில் ஓட விட வேண்டுமா?

பதில்: மலையேற்றத்துக்கும் வேகமான நெடும்பயணத்துக்கும் பிறகு ஓரிரு நிமிடம் விடுங்கள். சூட்டோடு அணைத்தால் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் தேவையில்லை.

கேள்வி: நாளை புதிய டர்போ மாட்டுகிறார்கள். எதை வற்புறுத்த வேண்டும்?

பதில்: புதிய எண்ணெய், புதிய ஃபில்டர், புதிய எண்ணெய்க் குழாய். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவ வேண்டும். பழைய டர்போவின் உலோகத் துண்டுகள் அங்கே கிடக்கும். தேங்கிய எண்ணெய் அதைவிட ஆபத்து: டீசல் எஞ்சின் அதையே எரித்து, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் ஓடும். டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் ஊற்றிக் கையால் சுழற்றிவிட்டு, எரிபொருளை நிறுத்தி ஸ்டார்ட்டரில் மட்டும் எஞ்சினைச் சுழற்றி எண்ணெய் அழுத்தம் வரச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகே ஸ்டார்ட். சில நிமிடங்கள் ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டாம்.

கேள்வி: அண்ணா, மூன்று டர்போக்காரன்தான். சம்ப்பைக் கழற்றினோம். சல்லடையில் பாதியைத் தார் போலக் கசடு மூடியிருக்கிறது. கழுவிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் அடியைப் பாருங்கள். செம்பு வாஷர் கசிந்து, சுற்றிலும் கறுப்பாக இறுகியிருந்தால் கசடு அங்கிருந்துதான் வருகிறது. வாஷர்களை மாற்றி, சம்ப்பைச் சுத்தம் செய்து, எண்ணெயை மாற்றி, சில நூறு கிலோமீட்டர் போனதும் மறுபடி மாற்றுங்கள். வாஷரையும் சம்ப்பையும் கவனிக்கும் முன்பே நான்காவது டர்போவுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்.