டேட்டா சென்டர் ஸ்விட்ச்: காற்று எந்தப் பக்கம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை, சர்வர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்சை ரேக்கில் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டத்தில்) பொருத்துவது பற்றித்தான் பாதிக் கடிதங்கள். மாடல் எண்ணும் லாகும் (ஸ்விட்ச் பதிந்து வைக்கும் குறிப்பும்) இல்லாமல் "ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. எந்த மாடல், எந்த வெர்ஷன், கடைசியாக எதை மாற்றினீர்கள் என்ற மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கேள்வி: 20ஆவது யூவில் (யூ என்பது ரேக்கின் உயர அலகு) ஸ்விட்சைப் பொருத்தினோம். இடது காது (பொருத்தும் தகடு) சரியாக உட்கார்ந்துவிட்டது. வலது காது ஓட்டைக்கு நேராக வரவே இல்லை. ரேக் கோணலாக இருக்கிறதா?

பதில்: ரேக் ஓட்டையில் மாட்டும் கேஜ் நட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறீர்கள். ஒரு யூ என்பது 44.45 மி.மீ. உயரம், அதில் மூன்று ஓட்டைகள். ஆனால் இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு இல்லை. இரண்டு இடைவெளி கிட்டத்தட்ட 16 மி.மீ., அடுத்தது 12.7 மி.மீ. அந்தக் குறுகலான இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. கண் மதிப்பில் எண்ணினால் தப்பாகத்தான் போகும். நான்கு தூண்களிலும் அச்சிட்ட எண்ணைப் பார்த்து மார்க்கரால் கோடு போட்டுவிட்டு நட்டை மாட்டுங்கள். முழு ஆழ ஸ்விட்ச் என்றால் பின்பக்க ரெயில் கட்டாயம். முன் காதுகளில் மட்டும் தொங்கவிட்டால் சில மாதங்களில் பின்பக்கம் சரிந்து கீழே இருக்கும் பெட்டியின் மேல் உட்காரும்.

கேள்வி: புது ஸ்விட்ச் வைத்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் மதியம் டெம்பரேச்சர் அலாரம். ஏ.சி.யை இரண்டு டிகிரி குறைத்தும் பயனில்லை. ரேக்கின் பின்பக்கம் சர்வர்களுக்கு நேராகப் போர்ட்டுகள் இருக்கும்படி வைத்திருக்கிறோம். ஸ்விட்ச் பழுதா?

பதில்: பழுது ஸ்விட்சில் இல்லை, அதை வாங்கிய ஆர்டரில். கடைசி வாக்கியத்தில் நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள்.

சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாக விடுகிறது. சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுகளும் பின்பக்கம்தான். அதனால் கேபிள் வசதிக்காக ஸ்விட்சின் போர்ட் பக்கத்தையும் பின்னால் திருப்பி வைக்கிறோம். அது சரியான முறைதான். ஆனால் அப்படி வைத்தால் காற்று பவர் சப்ளை பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். உங்களுடையது போர்ட் பக்கம் இழுக்கும் வகையாக இருக்கும். ரேக்கில் இருக்கிற அத்தனை சர்வரும் கக்கும் 40 டிகிரிக் காற்றை அது மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. மதியம் சர்வர் லோடு ஏறும்போது அலாரம் அடிப்பதற்கும் இதுவே காரணம். முன்பக்க ஏ.சி.யை எவ்வளவு குறைத்தாலும் அந்தக் குளிர் ஸ்விட்சுக்கு வந்து சேராது.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மெல்லிய டிஷ்யூ காகிதக் கீற்றை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, போர்ட் வரிசைக்கு மேலே உள்ள துளைகளுக்கு அருகில் காட்டுங்கள். காகிதம் உள்ளே ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, வெளியே படபடத்தால் தள்ளுகிறது. அப்புறம் ஃபேன் கைப்பிடியின் நிறத்தைப் பாருங்கள். சிஸ்கோ நெக்ஸஸில் நீலம் என்றால் போர்ட் பக்கம் வெளியேற்றும், பர்கண்டி சிவப்பு என்றால் போர்ட் பக்கம் இழுக்கும். வேறு கம்பெனிகளில் நிறங்கள் வேறு. அதனால் நிறத்தை நினைவில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் அந்த மாடலின் கையேட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஃபேனும் பவர் சப்ளையும் கழற்றி மாட்டும் மாடல் என்றால் தப்பித்தீர்கள். எதிர்த்திசை வகையை வரவழைத்து மாற்றிவிடலாம். ஆனால் மாற்றினால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒரு ஃபேன் இந்தப் பக்கம், பவர் சப்ளை அந்தப் பக்கம் என்று கலந்து போட்டால் உள்ளே காற்று ஒன்றையொன்று முட்டி நிற்கும். பல மாடல்கள் இதைக் கண்டதும் அலாரம் கொடுத்துவிட்டுத் தானாகவே அணைந்துபோகும். ஃபேன் கழற்ற முடியாத மாடல் என்றால் ஸ்விட்சையே திருப்பி வைத்து, கேபிளை முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோவதுதான் வழி.

திசை சரியாக இருந்தும் இன்னொரு இடத்தில் சறுக்குகிறார்கள். ஸ்விட்சின் நீளம் சர்வரைவிடக் குறைவு. போர்ட் பக்கம் பின்தூணோடு நின்றால், இழுக்கிற பக்கம் முன்தூணுக்கு ஒரு முழம் உள்ளே போய்விடும். அங்கே கோல்டு ஐல் (ரேக்குக்கு முன்னால் உள்ள குளிர் பாதை) காற்று கிடையாது, ரேக்குக்குள் சுற்றும் சூட்டுக் காற்றுதான் இருக்கும். முன்பக்கத்திலிருந்து ஸ்விட்ச் வரை காற்றைக் கொண்டுவரும் டக்ட் கிட் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். காலி யூக்களைத் தகடு வைத்து மூடுங்கள். குளிர்சாதனத் துறை அமைப்பான ஆஷ்ரே பரிந்துரைக்கிற 18 முதல் 27 டிகிரி என்பது கருவிக்குள் நுழையும் காற்றுக்கு. அறைச் சுவரில் மாட்டியிருக்கிற தெர்மாமீட்டருக்கு அல்ல.

எனக்கு ஆற்றாமை இதுதான். வாங்குகிற கூட்டத்தில் எத்தனை போர்ட், எத்தனை ஜிகா, லைசன்ஸ் எத்தனை வருடம் என்று மணிக்கணக்கில் பேசுகிறார்கள். காற்று எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்பதில்லை. இரண்டு வகைக்கும் மாடல் பெயர் ஒன்றேதான், பின்னால் வரும் ஒன்றிரண்டு எழுத்துதான் வித்தியாசம். ஆர்டரில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்துபோகும் விஷயம். அந்த வரி இல்லாததால், பல வருடம் உழைக்க வேண்டிய பெட்டி ஹாட் ஐலில் (பின்பக்கச் சூட்டுப் பாதையில்) வெந்துகொண்டிருக்கிறது. முதலில் அடிபடுவது போர்ட்டில் செருகிய ஆப்டிக்ஸ், அதாவது ஒளி மாட்யூல். சாதாரண வகை 70 டிகிரி வரைதான் தாங்கும். "அடிக்கடி மாட்யூல் போகிறது, தரம் சரியில்லை" என்று விற்றவரைத் திட்டிக் கடிதம் எழுதுகிற பலரும் முதலில் ஸ்விட்சின் காற்றுத் திசையைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இரண்டு பவர் சப்ளையையும் ஒரே பி.டி.யு.வில் (ரேக்கின் மின் பகிர்வுப் பட்டையில்) செருகலாமா?

பதில்: கூடாது. தனித்தனியாக வரும் இரண்டு மின் இணைப்புகளில், ஏ ஃபீடில் ஒன்று, பி ஃபீடில் ஒன்று. பொருத்திய அன்றே ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், பிறகு மற்றதை. ஒவ்வொரு ஃபீடும் சாதாரண நேரத்தில் 40 சதவீதத்துக்குள் இருந்தால்தான், ஒன்று போகும்போது மற்றது 80 சதவீதத்தில் நின்று தாங்கும்.

கேள்வி: 25ஜி (நொடிக்கு 25 ஜிகாபிட்) போர்ட்டில் டி.ஏ.சி கேபிள் (இரு முனையிலும் செருகியோடு வரும் செம்புக் கேபிள்) போட்டால் லிங்க் வரவில்லை. அதே போர்ட்டில் 10ஜி கேபிள் வேலை செய்கிறது. கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கேபிள் எத்தனை மீட்டர், மறுமுனையில் என்ன கார்டு என்று எழுதவில்லை. இவை இல்லாமல் ஊகம்தான் செய்ய முடியும். பெரும்பாலும் எஃப்.இ.சி. (வழியில் நேரும் பிழையைத் திருத்தும் முறை) தகராறாக இருக்கும். 10ஜி-யில் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 25ஜி-யில் எஃப்.இ.சி. இல்லாமல், பேஸ்-ஆர், ஆர்.எஸ் என மூன்று நிலை உண்டு. இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு முனையில் ஆட்டோ, மறுமுனையில் கையால் அமைத்தது என்றால் லிங்க் எழாமல் போகலாம். 5 மீட்டர் செம்புக் கேபிளுக்கு ஆர்.எஸ். வேண்டும். இன்னொன்று, பல மாடல்களில் நான்கு நான்கு போர்ட்டாக ஒரு குழு. குழுவுக்குள் ஒரே வேகம்தான் ஓடும். பக்கத்துப் போர்ட்டில் 10ஜி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேபிளைக் குறை சொல்லுங்கள்.

கேள்வி: மின்சாரம் போய் வந்ததும் எல்லா விலேனும் (ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்குகள்) காணாமல் போய்விட்டன. வைரஸா?

பதில்: இல்லை. சேமிக்கவில்லை. ஓடுகிற கன்ஃபிக் (ஸ்விட்சின் அமைப்புகள்) வேறு, சேமித்த கன்ஃபிக் வேறு. சேமியுங்கள், ஒரு நகலை ஸ்விட்சுக்கு வெளியேயும் வையுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து அப்லிங்க் (ஸ்விட்சை மேல் நெட்வொர்க்கோடு சேர்க்கும் இணைப்பு) செட்டிங்கை மாற்றினேன். என் இணைப்பே அறுந்துபோய், இரவில் ஒருவரை ஓடவிட வேண்டியதாகிவிட்டது. இதற்கு வழி உண்டா?

பதில்: மூன்று வழி உண்டு, மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று, மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குத் தனி நெட்வொர்க். அப்லிங்க் செத்தாலும் அது உயிரோடிருக்கும். இரண்டு, ஸ்விட்சின் கன்சோல் போர்ட்டைத் தொலைவிலிருந்து தொட உதவும் கன்சோல் சர்வர். கன்சோல் வேகம் சிலதில் 9600, சிலதில் 115200; திரையில் குப்பை எழுத்து வந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் இதை மாற்றிப் பாருங்கள். மூன்று, தானாகத் திரும்பும் ஏற்பாடு. ஜூனிபரில் கமிட் கன்ஃபர்ம்டு கொடுத்தால், நீங்கள் உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்குப் போய்விடும். அரிஸ்டாவில் கமிட் டைமர் உண்டு. சிஸ்கோ ஐ.ஓ.எஸ்-ல் ரீலோட் இன் 10 என்று கொடுத்துவிட்டு மாற்றுங்கள். எல்லாம் சரியென்றால் ரீலோடை ரத்து செய்துவிட்டு அப்புறம்தான் சேமிக்க வேண்டும். முந்திச் சேமித்துவிட்டால், தப்பான கன்ஃபிக்தான் திரும்ப எழுந்து வரும்.

கேள்வி: ஐந்து ஸ்விட்சுகளில் ஒரே நேரத்தில் சி.ஆர்.சி எரர் (தகவல் பொட்டலம் கெட்டு வந்ததைக் காட்டும் எண்ணிக்கை) ஏறுகிறது. மூன்று கேபிள்களை மாற்றிவிட்டோம். நிற்கவில்லை.

பதில்: ஐந்து கேபிள்கள் ஒரே நாளில் கெட்டுப்போகாது. டேட்டா சென்டர் ஸ்விட்சுகள் பெரும்பாலும், ஃபிரேம் (தகவல் பொட்டலம்) முழுதாக வரும் முன்பே அனுப்பத் தொடங்கும் கட்-த்ரூ முறையில் ஓடுபவை. ஃபிரேமின் கடைசியில் இருக்கிற சோதனை எண்ணைப் பார்க்கும்போது அதன் தலை ஏற்கெனவே மறுபக்கம் வெளியேறிவிட்டிருக்கும். அதனால் கெட்ட ஃபிரேம் தடுக்கப்படாமல் அடுத்த ஸ்விட்சுக்குப் போகிறது, அங்கேயும் எண்ணப்படுகிறது. எரர் உள்ளே வருகிற போர்ட்டைப் பிடித்து, அதற்கு எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்சுக்குப் போங்கள். அங்கேயும் வேறொரு போர்ட்டில் எரர் உள்ளே வந்தால் இன்னும் பின்னால் போங்கள். எரர் உள்ளே வராமல் அனுப்ப மட்டும் செய்கிற கருவி எங்கே வருகிறதோ, அதற்கும் அடுத்ததற்கும் நடுவில் இருக்கிற லிங்க்தான் குற்றவாளி. சில மாடல்களில் வேறெங்கோ கெட்டு வந்த ஃபிரேமை "ஸ்டாம்ப்டு" என்று தனியாகவே எண்ணிக் காட்டும். இருந்தால் வேலை பாதியாகும். லிங்க் தெரிந்ததும் கேபிளை மாற்றும் முன் ஃபைபர் முனையைத் துடையுங்கள். பெரும்பாலும் அழுக்குதான்.

கேள்வி: 10 கி.மீ. போகும் எல்.ஆர் மாட்யூலை ஒரே ரேக்குக்குள் 2 மீட்டரில் போட்டால் எரிந்துவிடுமா?

பதில்: 10ஜி எல்.ஆர் எரியாது. 40 கி.மீ. வகையான இ.ஆர், 80 கி.மீ. வகையான இசட்.ஆர் என்றால் ஒளியைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இல்லாமல் போடாதீர்கள், ரிசீவர் பாழாகலாம். எதுவாக இருந்தாலும் முனையைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: ஸ்விட்சில் எம்.டி.யு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 9216, சர்வரில் 9000. சமமாக இருக்க வேண்டாமா?

பதில்: வேண்டாம். ஸ்விட்சில் அதிகமாக இருப்பது நல்லதே. வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சிலும் அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் 8972 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். மீதி 28 பைட் ஹெடருக்கு.

கேள்வி: எம்-லேக் ஜோடியாக (ஒவ்வொரு சர்வரும் இரண்டிலும் இணையும்படி) இரண்டு ஸ்விட்ச். ஃபர்ம்வேரை இரண்டிலும் சேர்த்து ஒரே மூச்சில் ஏற்றிவிடலாமா?

பதில்: அப்படியானால் இரண்டு ஸ்விட்ச் எதற்கு வாங்கினீர்கள்? ஒவ்வொன்றாகத்தான். இப்போதைய வெர்ஷனிலிருந்து புதியதற்கு நேராகத் தாவ முடியுமா, நடுவில் ஒரு வெர்ஷனில் இறங்கி ஏற வேண்டுமா என்று ரிலீஸ் நோட்ஸில் பாருங்கள். ஜோடிக்குள் இரண்டு வெர்ஷனும் சிறிது நேரம் சேர்ந்து ஓட முடியுமா என்பதும் அங்கேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வொரு சர்வரின் இரண்டு காலும் (இரண்டு ஸ்விட்சுக்கும் போகும் இணைப்புகள்) உயிரோடு இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு கால் எப்போதோ செத்துப்போய் யாரும் கவனிக்காமல் விட்ட சர்வர் ஒன்றாவது அகப்படும். முதல் ஸ்விட்ச் எழுந்து, எல்லா லிங்கும் வந்து, மேக் டேபிள் (எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) நிரம்பிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். பழைய இமேஜை ஃபிளாஷில் வைத்திருங்கள். கன்ஃபிக் நகல் வெளியே, கன்சோல் கேபிள் கையில்.

கேள்வி: பவர் கேபிளிலேயே எர்த் இருக்கிறதே, தனி கிரவுண்டு ஒயர் அவசியமா?

பதில்: கையேடு கேட்டால் அவசியம். பல டேட்டா சென்டர் மாடல்கள் கேட்கும், லக்கையும் (ஒயர் முனையில் மாட்டும் உலோகத் துண்டு) பெட்டியிலேயே வைத்து அனுப்பும். ரேக் தூணில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்த பிறகு முடுக்குங்கள், பெயின்ட் மேல் முடுக்கினால் எர்த் சேராது. பொருத்தும்போது பவருக்கு முன் கிரவுண்டு, கழற்றும்போது கடைசியாகக் கிரவுண்டு.