பாரிஸ் பார்த்தாச்சா? (கடிதம்)

அன்புள்ள அண்ணா,

எனக்கு ஊர் சென்னை, தண்டையார்பேட்டை. மாணவர் பரிமாற்றத்தில் ஒரு செமஸ்டர் படிக்க ஏப்ரலில் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் வந்தேன். ஜூலை கடைசியில் திரும்ப வேண்டும். என்னோடு வந்த நான்கு பேரும் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆம்ஸ்டர்டாம், பிராக், புடாபெஸ்ட் என்று ஆறு வாரத்தில் ஏழு நாடு. நான் கொலோன் வரைக்கும் போனதோடு சரி. விசாவுக்காக வங்கியில் முடக்கிவைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகையும் இன்சூரன்சும் போக மிஞ்சுவதில் ஊர் சுற்ற மனசு வரவில்லை. அந்தப் பணமே அக்காவின் நகையை வைத்துப் புரட்டியது. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் 'பாரிஸ் பார்த்தியா?' என்று கேட்கிறார். இந்த நான்கு மாதத்தை நான் வீணடிக்கிறேனா? நீங்களும் ஜெர்மனியில் படித்ததாக எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

மு.

அன்புள்ள மு.,

நம் பக்கத்து ஆளிடம் 'பாரிஸ் போனியா?' என்று கேட்டால் 'போனேன், பர்மா பஜார்ல சார்ஜர் வாங்கினேன்' என்றுதான் பதில் வரும். பாரிமுனையைப் பாரிஸ் என்றே சொல்லி வளர்ந்த ஊர். உங்கள் அம்மா கேட்பது எந்தப் பாரிஸ் என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2010இல் நான் உங்களைப் போலவே ஏப்ரலில் போய் ஜூலையில் திரும்பினேன். பிரேமன் நகரம். நீங்கள் செய்யாமல் தவிப்பதை நான் செய்தேன். ஒரு நீண்ட வார இறுதியில் ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் மூன்றையும் இரவுப் பேருந்துகளில் முடித்தோம். எட்டு பேர். எட்டு பேர் போனால் அதைப் பயணம் என்று சொல்லக்கூடாது, ஊர்வலம் என்று சொல்லலாம். பாரிஸில் பதினொரு மணி நேரம் இருந்தேன். ஐஃபில் கோபுரத்தின் கீழ் எடுத்த போட்டோவில் என் வாய் திறந்திருக்கிறது. வியப்பில் இல்லை, கொட்டாவி. ஷூவுக்குள் புகுந்த மழைத்தண்ணீரும், விடிகாலையில் பேருந்து நிலையத்தில் கழிவறைக்குச் சில்லறை தேடியதும்தான் இன்றைக்கு எனக்கு மிச்சம். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கினேன்.

அதனால் ஊர் சுற்றுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. உங்கள் நண்பர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்கலாம். ஆனால் பாரிஸுக்கு நாற்பது வயதில்கூட டூர் கம்பெனியோடு போய்விடலாம். டோர்ட்முண்டில் கதவில் உங்கள் பேர் ஒட்டிய ஒரு அறை, நகராட்சியில் பதிந்த ஒரு முகவரி, நூலக அட்டை, உங்களைத் திட்டுவதற்கென்றே ஒரு பக்கத்து வீட்டுக்காரர், இதெல்லாம் இந்த ஜூலையோடு சரி.

திட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. ஜெர்மன் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு இன்னும் பழகியிருக்காது. நான் போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை இரவு. காலையில் எழுந்து பால் வாங்கலாம் என்று இறங்கினால் தெருவில் ஈ காக்கை இல்லை. சூப்பர் மார்க்கெட் மூடியிருந்தது, துணிக்கடை மூடியிருந்தது. ஏதோ பந்த் என்றே நினைத்துவிட்டேன். அங்கே ஞாயிறு கடை திறக்கக்கூடாது என்பது சட்டம், ரயில் நிலையக் கடை மாதிரிச் சில விதிவிலக்குகள் தவிர. அது தெரியாமல் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கை வைத்து அன்றைய நாளை ஓட்டினேன். அடுத்த ஞாயிறு, சும்மாதானே இருக்கிறோம் என்று காலி கண்ணாடிப் பாட்டில்களைக் கொண்டுபோய்த் தெருமுனைத் தொட்டியில் போட்டேன். நாலாவது பாட்டில் விழுந்ததும் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு பெரியவர் கடிகாரத்தைக் காட்டவில்லை, காலண்டரைக் காட்டினார். ஞாயிறு சத்தம் கூடாதாம்.

காசிமேட்டு ஞாயிற்றுக்கிழமையில் வளர்ந்தவனுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்கள். விடிவதற்கு முன்பே ஏலச் சத்தம், ஐஸ் வண்டி, கூறு கட்டி வைத்த சங்கராவைச் சுற்றிப் பேரம், மீன் வெட்டித் தருகிறவர் முன்னால் கூட்டம். நமக்கு வாரத்திலேயே சத்தமான நாள் அது. எங்கள் அம்மா மார்க்கெட்டிலிருந்து திரும்பி, மீனைக் கழுவி வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் போன் செய்வார். எனக்குக் காலை ஆறரை. அந்தப் பக்கம் மிக்சி ஓடும், தெருவில் யாரோ ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் நான் போர்வைக்குள் குசுகுசுவென்று பேசுவேன். 'ஏண்டா, உடம்பு சரியில்லையா?' என்பார். முதல் மாதம் அந்த அமைதி பயமாக இருந்தது. மூன்றாவது மாதம் ஆற்றங்கரையில் ஒரு ரொட்டியோடு உட்கார்ந்து ஒன்றுமே செய்யாமல் இரண்டு மணி நேரம் கழிக்கக் கற்றுக்கொண்டேன். வண்ணாரப்பேட்டைக்குத் திரும்பி வந்தபிறகு அது ஒருநாள்கூட எனக்கு வாய்க்கவில்லை.

இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் ஒரு ஊர் பிடிபடும். பிளாஸ்டிக் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்ப வருகிறது என்று தெரிந்த அன்று நான் பணக்காரன் ஆனேன். எங்கள் விடுதி பார்ட்டிகளில் கடைசிவரை இருப்பவன் நான்தான், பாட்டில் பொறுக்க. ஜூன் மாதம் டிராம் நிறுத்தத்தில் ஒரு ஜெர்மன் அம்மாள் என்னிடம் வழி கேட்டார். சொன்னேன், என் ஓட்டை ஜெர்மனில். அவர் சரியான வண்டியில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றிரவு வீட்டுக்குப் போன் போட்டு இதைத்தான் சொன்னேன். அம்மாவுக்குப் புரியவில்லை. 'வழி தெரியலைன்னா கண்டக்டரக் கேக்க வேண்டியதுதானே' என்றார்.

காசு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஜெர்மன் ரயில்வேயில் வார இறுதிக்கென்றே ஒரு சீட்டு இருந்தது. ஒரே சீட்டில் ஐந்து பேர் சனி அல்லது ஞாயிறு, நாடு முழுக்க மெதுவான ரயில்களில் சுற்றலாம். தலைக்குப் பத்து யூரோகூட ஆகாது. 2019இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் உங்களிடம் அதைவிட நல்லது இருக்கும். மாணவர் அட்டையோடு வரும் செமஸ்டர் டிக்கெட் எதுவரை செல்லும் என்று பாருங்கள். இப்போது பல பல்கலைக்கழகங்களில் நாடு முழுக்க வட்டார ரயில்களில் செல்லுபடியாகிறது. அப்படியானால் விரைவு ரயிலில் ஏறாதவரை உங்களுக்குப் போக்குவரத்துச் செலவே இல்லை. அக்காவின் நகைக்குப் பங்கம் வராது. சாப்பாட்டுக்கு ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம்.

எங்கே போவது? டோர்ட்முண்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஹாம். அங்கே ஊன்ட்ராப் என்கிற பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் தேர். இந்த வருடத் தேதியை உடனே விசாரியுங்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நான் பிரேமனிலிருந்து மூன்று மணி நேரம் நின்றுகொண்டே போனேன். ஹாம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தால், பஸ் முழுக்கப் பட்டுப்புடவை. தார் ரோட்டில் ஆண்கள் அங்கப்பிரதட்சணம் செய்கிறார்கள். ஜெர்மன் போலீஸ்காரர் போக்குவரத்தை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்கிறார். அந்தப் பகுதியிலேயே ஒரு பெரிய அனல் மின் நிலையம், அதன் புகைபோக்கி. திருவொற்றியூர்த் தேரையும் எண்ணூர்ப் புகைபோக்கியையும் பார்த்து வளர்ந்தவனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. அன்னதான வரிசையில் ஒரு அக்கா 'தம்பி எவடம்?' என்று கேட்டார். வண்ணாரப்பேட்டை என்றேன். 'வல்வெட்டித்துறைப் பக்கமோ?' என்றார். என் தமிழைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் வடை இரண்டாகக் கிடைத்தது.

இன்னொரு ஊர், இது கொஞ்சம் தூரம். முன்ஸ்டரில் வண்டி மாறினால் வட்டார ரயிலிலேயே கடற்கரைவரை போய்விடலாம். எம்டன்.

ஆமாம், அந்த எம்டன்தான். சேட்டை செய்தால் எங்கள் ஆயா 'சரியான எம்டன்டா நீ' என்பார். உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு நம் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, 100க்கு மேற்பட்ட குண்டுகளைப் போட்டு, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பலுக்கு அந்த ஊரின் பெயர்தான். ஹைகோர்ட் சுவரில் கல்வெட்டு இருக்கிறது, பாரிஸ் போகும்போது பார்த்திருப்பீர்கள். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பல் அதை நொறுக்கியது. உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மன் அரசு அனுமதித்தது. நம் ஊரில் அந்தப் பட்டத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுத்துவிட்டோம்.

தனியாகத்தான் போனேன். என்னோடு வர எவனும் தயாராக இல்லை, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். கால்வாய், செங்கல் வீடுகள், துறைமுகம், காற்று. ராயபுரத்தில் பாலத்துமேல் நின்றால் முகத்தில் அடிக்குமே, அதே உப்புக்காற்று, பத்து மடங்கு குளிரோடு. நடுங்கிப்போய் ஒரு தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் டீப் பைத்தியங்கள். கோப்பையில் முதலில் பெரிய கற்கண்டு, அதன்மேல் சூடான டீயை ஊற்றினால் கற்கண்டு படபடவென்று வெடிக்கிறது. ஓரமாக ஒரு கரண்டி பாலாடை. கலக்கக்கூடாது. முதலில் பாலாடை, பிறகு கசப்பு, கடைசியில் இனிப்பு என்று அடுக்கடுக்காகக் குடிக்க வேண்டும். நான் டீக்கடைப் பழக்கத்தில் கரகரவென்று கலக்கிவிட்டேன். கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோப்பை காலியானதும் மறுபடி ஊற்றினார். குடித்தேன். மறுபடி ஊற்றினார். மூன்று கோப்பை அங்கே முறை. போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைக்க வேண்டுமாம், அது எனக்குத் தெரியாது. ஐந்தாவதில் பக்கத்து மேசைத் தாத்தா இரக்கப்பட்டு என் கரண்டியை எடுத்து உள்ளே வைத்தார்.

எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் என்றேன், பழைய பெயரையே. அவருக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, நான் குடித்த டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.

அம்மாவிடம் சொன்னபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பாரிஸ் போட்டோவை ஒருவருக்கும் காட்டியதில்லை. இதை மட்டும் தெருவில் எல்லோரிடமும் சொன்னார். 'எம் புள்ள எம்டன் வூட்டுக்கே போய் டீ குடிச்சுட்டு வந்துட்டான்.'

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து