வாசகர் கேள்வி – பதில்: செல்போன் பேட்டரி நீடித்து உழைக்க

கேள்வி: இரவு படுக்கப் போகும்போது செல்போனை சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில்தான் எடுக்கிறேன். போன் வாங்கிய கடைக்காரர், முழுவதும் தீர்ந்து அணைந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறார். என் மகனோ எண்பது சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
– ஆசிரியை ஒருவர், மதுரை

பதில்: உங்கள் மகன் சொல்வதையே கேளுங்கள். கடைக்காரர் சொன்னதும் ஒரு காலத்தில் சரியாக இருந்த அறிவுரைதான். பழைய செல்போன்களில் இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகளைப் பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால், அவற்றின் கொள்ளளவு சுருங்கியது போல் ஆகிவிடும். அதனால் முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றச் சொன்னார்கள். 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த ஆய்வுகளுக்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று உங்கள் கையில் இருப்பது இந்த வகைதான். பேட்டரி மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய அறிவுரை மட்டும் வாய்வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

லித்தியம் அயனி பேட்டரிக்குள் ஒரு பக்கம் கிராஃபைட்டும் மறுபக்கம் கோபால்ட் போன்ற உலோகத்தின் ஆக்ஸைடும் இருக்கின்றன. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் போய்த் தங்குகின்றன. போனைப் பயன்படுத்தும்போது அங்கிருந்து திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்தில் கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று படிகிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கத் தடிக்க, அதில் சிக்கிக்கொண்ட லித்தியம் மீண்டும் வேலைக்கு வருவதில்லை. இரண்டு ஆண்டுகள் ஆன போன் மாலைக்கு முன்பே தீர்ந்துவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். பேட்டரி நூறு சதவீதத்தில் நிற்கும்போது அதன் மின்னழுத்தம் உச்சத்தில், அதாவது 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அந்த நிலையில் இப்படிப்பட்ட வேதிவினைகள் வேகமாக நடக்கின்றன. அதோடு சூடும் சேர்ந்துகொண்டால் தேய்மானம் பல மடங்காகிறது.

எனவே இரவு முழுவதும் சார்ஜில் போடுவதில் உள்ள கெடுதல் பலரும் நினைப்பது போல் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறிவிடுவது அன்று. நிரம்பியதும் போனுக்குள் இருக்கும் மின்சுற்றே ஏற்றத்தை நிறுத்திவிடும். விடியும்வரை ஐந்தாறு மணி நேரம் அது நூறிலேயே நிற்பதுதான் கெடுதல். தலையணைக்கு அடியிலோ மெத்தை மேலோ வைத்து சார்ஜ் போடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள். சூடு வெளியேற வழியில்லாமல் போவதால் பேட்டரிக்கும் ஆபத்து, வீட்டுக்கும் ஆபத்து. போனின் அமைப்புகளில் பேட்டரி என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எண்பது சதவீதத்தில் ஏற்றத்தை நிறுத்தும் வசதி இப்போது பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன் 15 முதலான போன்களிலும் இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் இரவு முழுவதும் இணைத்து வைத்தாலும் கவலை இல்லை.

பூஜ்ஜியம் வரை விடுவதும் வேண்டாம். இருபதுக்கு வந்ததும் ஏற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் ஆயுள் குறையும் என்ற பயமும் தேவையில்லை, ஏனென்றால் இன்று ஐம்பது சதவீதமும் நாளை ஐம்பது சதவீதமும் செலவானால் இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்றாகக் கணக்காகிறது. 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் வகையில் வடிவமைத்திருப்பதாக ஐபோன் 14 வரையிலான போன்களுக்கு ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15-க்கு அந்த எண்ணிக்கை 1,000. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் போன்கள் 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தக்கவைக்க வேண்டும் என்று விதியே வகுத்துவிட்டது.

இதற்காக நூறு சதவீதத்தைத் தொடவே கூடாது என்று பொருளில்லை. வெளியூர்ப் பயணம் இருந்தால் தாராளமாக முழுவதும் ஏற்றுங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் நிரம்புமாறு பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: உணவு விநியோக வேலை செய்கிறேன். பைக்கின் கைப்பிடியில் போனை மாட்டி, பவர் பேங்கில் இணைத்தபடியே நாள் முழுவதும் ஓட்டுகிறேன். மதிய நேரத்தில் சூடு அதிகம் என்று காட்டி சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. போன் பழுதா?
– வாசகர், வேலூர்

பதில்: பழுதில்லை, போன் தன்னைக் காத்துக்கொள்கிறது. சுற்றுப்புற வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் உங்கள் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அந்த வெயிலில் கறுப்புக் கண்ணாடியை வானத்தைப் பார்த்து மாட்டி வைத்தது போல் போன் நிற்கிறது. மேலே சூரியன், உள்ளே முழு வெளிச்சத்தில் எரியும் திரை, ஓயாமல் இடம் தேடும் ஜிபிஎஸ், இணையம், இவற்றின் மேல் சார்ஜ் ஏறும் சூடு. இத்தனையையும் ஒரே நேரத்தில் அந்தச் சின்னப் பேட்டரி தாங்க வேண்டியிருக்கிறது.

பிழைப்புக்கான கருவி இது; ஓட்டும்போது பயன்படுத்தாதீர்கள் என்று உங்களிடம் சொல்வதில் பொருளில்லை. சார்ஜ் ஏற்றும் நேரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஓட்டும்போது இணைக்காமல், உணவகத்தில் பார்சலுக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடமும் டீக்கடை நிழலில் நிற்கும் கால் மணி நேரமும் ஏற்றுங்கள். தடித்த ரப்பர் உறையைக் கோடையில் கழற்றிவிடுங்கள். போனுக்கு மேல் சிறு நிழல் மறைப்பு உள்ள தாங்கியை மாட்டினால் திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ள முடியும். நகரத்தின் வரைபடத்தை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்தால் இணையச் செலவும் அதனால் வரும் சூடும் குறையும். ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: சூடான போனை ஃபிரிட்ஜில் வைப்பது. குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி கோத்துக்கொள்ளும். பேட்டரியோடு மற்ற பாகங்களும் போய்விடும்.

கேள்வி: சென்னையில் இருந்தவரை ஒரு நாள் முழுவதும் நின்ற சார்ஜ், கொல்லிமலையில் பணிக்குச் சேர்ந்த பிறகு பிற்பகலிலேயே தீர்ந்துவிடுகிறது. போனைப் பயன்படுத்துவதோ முன்பைவிடக் குறைவு.
– செவிலியர் ஒருவர், நாமக்கல் மாவட்டம்

பதில்: காரணம் டவர். அருகில் டவர் இருந்தால் போன் மெல்லப் பேசினாலே போதும். தொலைவில் இருந்தாலோ இடையில் மலை மறித்தாலோ தன் குரலை உயர்த்தி, அதாவது அதிக ஆற்றலுடன் அலையை அனுப்ப வேண்டியிருக்கிறது. சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் நீங்கள் தொடாவிட்டாலும் அது சட்டைப் பைக்குள் தேடிக்கொண்டே இருக்கும். சிக்னல் அறவே இல்லாத இடங்களில் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். 5ஜி அரைகுறையாகக் கிடைக்கும் இடமென்றால் 4ஜி-யில் மட்டும் இயங்குமாறு அமைத்துக்கொள்வது நல்லது. தங்குமிடத்தில் வைஃபை இருந்தால் அதன் வழியாகவே அழைப்புகள் வரும் வசதியை இயக்கி வையுங்கள். அவசர அழைப்புகளை எதிர்பார்க்கும் உங்கள் பணிக்கு அது மிகவும் தேவை.

கேள்வி: பயன்படுத்தி முடித்த செயலிகளை உடனுக்குடன் விரலால் தள்ளி மூடுவதாலும், கறுப்புப் பின்னணி வைப்பதாலும் சார்ஜ் மிச்சமாகுமா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: முதலாவதால் பயனில்லை. மூடிய செயலியை மீண்டும் முதலிலிருந்து திறக்கவே கூடுதல் ஆற்றல் செலவாகும். இரண்டாவது, ஓஎல்இடி திரையாக இருந்தால் மட்டும் பலன் தரும். அதில் கறுப்பாகத் தெரியும் புள்ளிகள் உண்மையில் அணைந்தே இருக்கின்றன. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் மாற்றம் தெரியாது.

கேள்வி: என் பழைய போனின் பின்பக்கம் உப்பித் திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பேரனின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஒருமுறை சார்ஜ் போட்டு எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் அம்மா. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி அதைத் தலையணை போல் உப்ப வைத்திருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ சார்ஜ் போட்டாலோ தீப்பற்றக்கூடும். அணைத்துவிட்டு, துணி, காகிதம், அடுப்பு எதுவும் அருகில் இல்லாத சிமென்ட் தரையில் வைத்து, விரைவிலேயே நிறுவனத்தின் சேவை மையத்துக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுவந்து குப்பையில் போட வேண்டாம், அங்கேயே கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. பேரனின் படங்கள் பேட்டரியில் இல்லை. போனின் நினைவகத்தில் இருக்கின்றன. வேறு பாகங்கள் நன்றாக இருந்தால், புதிய பேட்டரி போட்டதும் அவற்றைப் பார்க்கலாம். எதையும் அழிக்காமல் பேட்டரியை மட்டும் மாற்றித் தருமாறு போனைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.